கருவேலம் என்று எழுதினால் எந்த மரம்?

சிக்கல் என்றதும் பலருக்கும் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள சிங்காரவேலர் கோயில்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போகும் சிக்கல் இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் இருக்கிறது. தெற்கே வாலிநோக்கம் உப்பளமும் மன்னார் வளைகுடாவும். சுற்றிலும் கண்மாய்கள், மானாவாரிக் காடுகள், அவற்றுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் முள்மரம். அந்த மரத்தைக் காட்டிக் கேட்டால் "கருவை" என்பார்கள். ஊருக்குள் அந்த ஒரு சொல் போதும். கரிமூட்டத்துக்கு வெட்டுகிற கருவை என்றால் அது சீமைக்கருவேலம். கலப்பைக்குக் கட்டை எடுத்த கருவை என்றால் நாட்டுக்கருவேலம். என்ன வேலையைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்த இடத்தில், எந்த மரம் என்று யாரும் தடுமாறுவதில்லை.

தடுமாற்றம் தொடங்குவது அந்தச் சொல் ஊரைவிட்டுப் போய்க் காகிதத்தில் ஏறும்போதுதான். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தன் எல்லைக்கு உட்பட்ட மாவட்டங்களில் சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டது. வைகோ உள்ளிட்டோர் தொடுத்த பொதுநல வழக்குகளில் வந்த உத்தரவு அது. பல மாவட்டங்களில் பொக்லைன்கள் இறங்கின. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இப்படிப்பட்ட நடவடிக்கையில் மரத்தின் பெயர் மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கி வருகிறது. வல்லுநரின் அறிக்கையில் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. மாவட்ட அலுவலகக் கோப்பில் சீமைக்கருவேலம். ஊராட்சிக்கு வந்து சேரும்போது வெறும் கருவேலம். ஒவ்வொரு படியிலும் பெயர் கொஞ்சம் உதிர்ந்தால், கடைசியில் பொக்லைன் ஓட்டுபவரின் முன்னால் நிற்பவை எல்லாம் முள்மரங்கள் மட்டுமே.

இந்தத் தேய்மானத்துக்கு நாட்டுப் பெயரைக் குற்றம் சொல்வது எளிது. "அறிவியல் பெயரை மட்டும் எழுதுங்கள், குழப்பம் தீரும்" என்று தாவரவியல் படித்தவர்கள் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இராமநாதபுரம் கரையில் வளரும் சில செடி கொடிகளின் பெயர்களைத் தொடர்ந்து பார்த்துவந்ததில், அந்த யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாட்டுப் பெயர் தன் ஊருக்குள்ளும் தன் தொழிலுக்குள்ளும் துல்லியமானது. அறிவியல் பெயர் ஊர் தாண்டியும் துல்லியமானது, ஆனால் அது காலத்தோடு மாறும். ஒன்றை எடுத்துவிட்டு அகராதியைப் பார்த்து மற்றதை வைக்கும்போதுதான் தவறு நுழைகிறது. இரண்டுக்கும் பின்னால் ஒரு செடி, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கிளை, நின்றாக வேண்டும்.

கிளையிலிருந்தே தொடங்கலாம். நாட்டுக்கருவேலத்தின் நெற்று சாம்பல் பூத்தது. ஒவ்வொரு விதைக்கும் இடையில் நன்றாக ஒடுங்கி, மணி கோத்ததுபோல் தொங்கும். பூ மஞ்சள் பந்து. முள் வெளுத்து நீண்டு, இரண்டிரண்டாக இருக்கும். சீமைக்கருவேலத்தின் நெற்று பழுத்தால் வைக்கோல் நிறம், விதைகளுக்கு இடையில் அந்த ஒடுக்கம் இல்லை, மென்றால் இனிக்கும். பூ பந்தாக வராது, விரல் நீளக் கதிராகத் தொங்கும். இவற்றோடு கடற்கரை மணலில் குடை விரித்ததுபோல் தட்டையாகப் படர்ந்து நிற்கிற உடை மரம் இருக்கிறது. குடைவேலம் என்றும் சொல்வார்கள். அதன் பூ வெள்ளை, நெற்று சுருண்டது, நீண்ட நேர்முள்ளோடு குட்டையான வளைந்த முள்ளும் கலந்திருக்கும். பட்டை வெளுத்த வெள்வேல் இன்னொன்று. ஐந்தாவது, கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி. வன்னியின் முள் கணுவில் இருக்காது. கணுவுக்குக் கணு இடைப்பட்ட தண்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். பூவும் நெற்றும் இல்லாத பருவத்தில் வன்னிக் கன்றையும் சீமைக்கருவேலக் கன்றையும் பிரித்தறிய அந்த முள் ஒன்றே கைகொடுக்கும்.

இந்த வேறுபாடு வெறும் வகுப்பறைப் பாடம் என்று நினைக்க வேண்டாம். முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 1989-இல் அறிவிக்கப்பட்டவை. 2022-இல் இரண்டும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே கண்மாய்கள்தான். நாரைகளும் கொக்குகளும் அங்கே கூடு கட்டுவது பெரும்பாலும் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேலத்தில். கடலாடி வட்டத்தின் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர்க் கண்மாய்களும் 1998 முதல் சரணாலயம். இப்படிப்பட்ட ஊரில் "கண்மாயில் உள்ள கருவேல மரங்களை அகற்றவும்" என்று ஒரு வரி எழுதுகிறவர், எந்தக் கருவேலம் என்று சேர்த்து எழுதக் கடமைப்பட்டவர்.

சரி, அறிவியல் பெயரையே எழுதிவிடலாமே? இங்கேதான் கதை விரிகிறது.

நாட்டுக்கருவேலத்துக்கு 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் மிமோசா நிலோட்டிகா. பிறகு அது அக்கேசியா என்ற பேரினத்துக்குப் போனது. சென்னை மாகாணத்தின் தாவரங்களைத் தொகுத்த கேம்பிளின் நூலில் அது அக்கேசியா அராபிகா. நம் கல்லூரிகளில் இரண்டு தலைமுறை படித்தது அக்கேசியா நிலோட்டிகா. இன்றைய பெயர் வச்செல்லியா நிலோட்டிகா. மரம் அதே மரம்.

கடைசி மாற்றத்தின் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. அக்கேசியா என்ற பேரினத்துக்குள் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அடைக்கப்பட்டிருந்தன. அவை ஒரே கொடிவழி இல்லை, பல துண்டுகளாகப் பிரித்தாக வேண்டும் என்பது தெளிவானது. பிரித்தால் பழைய பெயர் யாருக்கு? விதி தெளிவாகவே இருந்தது. பேரினத்தின் மாதிரி இனம் எந்தத் துண்டில் விழுகிறதோ அந்தத் துண்டுக்குத்தான் பெயர். அக்கேசியாவின் மாதிரி இனம் நம் நாட்டுக்கருவேலம். ஆகவே பெயர் ஆப்பிரிக்க, ஆசிய மரங்களுக்கே வந்திருக்க வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியாவில் 900-க்கும் மேற்பட்ட அக்கேசியா இனங்கள் இருந்தன. அத்தனைக்கும் பெயர் மாற்றுவதைவிட மாதிரியை மாற்றுவது எளிது என்று ஒரு முன்மொழிவு வந்தது. 2005-இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதை எதிர்த்தார்கள். நிராகரிக்கத் தேவையான 60 சதவீதம் மட்டும் சேரவில்லை. மாதிரி ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாறியது. 2011-இல் மெல்போர்ன் மாநாடு அதை உறுதி செய்தது. நைல் கரையிலும் வைகை, குண்டாற்றுப் படுகைகளிலும் நின்ற மரம், தான் மாதிரியாக நின்ற பெயரை இழந்தது. ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்கள் பலரின் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இந்தியாவிலிருந்து அதற்கு ஈடான ஓசை எழாதது வருத்தம்.

சீமைக்கருவேலத்துக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. அதன் விதை சென்னை மாகாணத்துக்கு வந்த வரலாறு பதிவாகியிருக்கிறது. வனக் காப்பாளராக இருந்த பெட்டோம் 1876-இல் விதை கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டு ஜமைக்காவிலிருந்து வந்த விதை கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டது. தென்மாவட்டங்களில் பலரும் அதைக் காமராஜர் ஆட்சிக்காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரமாகவே சொல்கிறார்கள். அதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவின் வடபகுதியும். நீண்ட காலம் அதையும் நம் வன்னியையும் தாவரவியலார் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2022-இல் கொலின் ஹியூஸ் குழுவினர் மரபணுச் சான்றுகளோடு அந்தப் பேரினத்தைப் பிரித்தார்கள். அமெரிக்க மரங்கள் வேறு கொடிவழி என்பதால் அவற்றுக்குப் பழைய பெயர் ஒன்றை மீட்டு, சீமைக்கருவேலத்தை நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆக்கினார்கள். புரோசோபிஸின் மாதிரி இனம் வன்னி. இந்த முறை பெயர் வன்னியோடு தங்கியது, வந்த மரம் வெளியேறியது.

இராமநாதபுரத்துக்காரர் யாரும் வன்னியையும் சீமைக்கருவேலத்தையும் ஒரே பெயரின் கீழ் வைத்ததில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் மரபணுவைப் பார்த்துப் பிரிக்கவில்லை. கோயில் மரத்தையும் வேலி மரத்தையும் அதனதன் பயனை வைத்துப் பிரித்தார்கள். ஆனால் அறிவியல் பெயரை மட்டும் நம்பியவர் "இரண்டும் புரோசோபிஸ்தானே" என்று ஒன்றாக்கியிருக்கக்கூடிய இடத்தில், நாட்டுப் பெயர் அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

நாட்டுப் பெயர் எப்போதும் இப்படிக் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. அவுரியை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி, இராமநாதபுரம் மானாவாரி நிலங்களில் அவுரி விதைப்பவரிடம் கேட்டால், ஏற்றுமதிக்குப் போகும் மலமிளக்கி இலையைத்தான் சொல்வார். நிலாவரை, நிலவாகை என்று வைத்திய நூல்கள் குறிப்பது அதை. நாட்டு மருந்துக் கடையில் தலைமுடிக்கு அவுரிப்பொடி கேட்டால் கிடைப்பதோ, கிடைக்க வேண்டியதோ, நீலச்சாயம் எடுத்த செடி. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அவுரி என்றால் அதுதான். சித்த வைத்தியர் நஞ்சுமுறிவுக்குச் சொல்லும் அவுரியும் அதுதான். முதலாவது செடியின் இலையில் சென்னோசைடுகள் இருக்கின்றன, குடலைக் கலக்கிப் பேதியாக்கும். இரண்டாவதில் அவை இல்லை. நஞ்சுமுறிவுக்குக் கசாயம் வைக்க நினைத்து இதற்குப் பதில் அதை வாங்கினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஊர்ப்பெயர் சேராத அவுரியை நம்ப முடியாது, இலையை நம்பலாம். காம்பின் இரு பக்கமும் இலைகள் ஜோடி ஜோடியாக வந்து, நுனியிலும் ஜோடியாகவே முடிந்தால் அது மருந்து அவுரி. நுனியில் ஒற்றை இலை நீட்டிக்கொண்டு முடிந்தால் சாய அவுரி. மருந்து அவுரிக்கு மஞ்சள் பூ, காகிதம்போல் தட்டையான அகன்ற காய். சாய அவுரிக்குச் சிவப்பு கலந்த இளஞ்சிவப்புச் சிறு பூ, மெல்லிய குச்சிபோல் லேசாக வளைந்த காய். காய்ந்தால் இதன் இலை கருநீலம் பாயும், அதன் இலை வெளிர்பச்சையாகவே இருக்கும். பொடியாக்கி உறையில் அடைத்த பிறகு இவற்றில் பெரும்பாலானவை அழிந்துபோகின்றன. அதனால்தான் அந்த உறைமேல் அறிவியல் பெயரும் இருக்க வேண்டும் என்கிறேன்.

அந்த அறிவியல் பெயர் எது? காசியா அங்குஸ்டிஃபோலியா என்று நம் பயிர்க் கையேடுகள் பலவற்றில் இருக்கும். 1982-இல் இர்வினும் பார்னெபியும் காசியாவைப் பிரித்துச் சென்னாவைத் தனிப் பேரினமாக்கிய பிறகு அது சென்னா அலெக்சாண்டிரினா. எகிப்து வழியாகப் போன அலெக்சாண்டிரியச் சரக்கையும் தென்தமிழ்நாட்டுச் சரக்கையும் தாவரவியல் ஒரே இனமாக்கி, எகிப்தியத் துறைமுகத்தின் பெயரை இரண்டுக்கும் வைத்துவிட்டது. ஐரோப்பிய மருந்து வணிகமோ நம் இலையைத் 'தின்னவேலி சென்னா' என்று திருநெல்வேலிப் பெயரிட்டே வாங்குகிறது. ஐரோப்பிய மருந்து நூலும் அலெக்சாண்டிரியக் காய்க்கும் திருநெல்வேலிக் காய்க்கும் தனித்தனிப் பக்கம் நீண்ட காலம் வைத்திருந்தது. இனம் ஒன்றென்றாலும் சரக்கின் தரமும் விலையும் விளையும் மண்ணைப் பொறுத்தவை. அதைச் சொல்வது வணிகப் பெயர்தான்.

அறிவியல் பெயரைத் தவறாக எழுதினால் என்னவாகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது நம் வீடுகளில் பழகிய வைத்தியம். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அதை ஹெப்படைடிஸ் பி நோய்க்கிருமியோடு சேர்த்து ஆய்வு செய்து 1982-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் எழுதியபோது, செடியின் பெயரை ஃபில்லாந்தஸ் நிருரி என்று குறித்தார்கள். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க் இணைந்து எழுதிய 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலும் நிருரிதான். நம் கையேடுகள் எல்லாம் கீழாநெல்லிக்கு அந்தப் பெயரைத்தான் தந்திருந்தன. ஆனால் உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று கிரேடி வெப்ஸ்டர் 1950-களிலேயே காட்டியிருந்தார். 1988-இல் அதே குழு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டபோது பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று திருத்தப்பட்டிருந்தது. மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் புறப்பொருள் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு மற்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. அதற்குச் செடி மாறியதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மண், பறித்த பருவம், பதம் செய்த முறை, நோயாளிகளின் நிலை என்று காரணங்கள் பல இருக்கலாம். முதல் ஆய்வின் சிறிய எண்ணிக்கையும் ஒன்று. ஆனால் பெயர் மாறிமாறி எழுதப்பட்ட ஒரு துறையில், பலனை ஒப்பிடும் முன் செடியை ஒப்பிட வேண்டியதாகிவிட்டது. 2010-இல் தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் கீழாநெல்லிச் சரக்கை வாங்கி மரபணு வரிக்குறியீட்டால் சோதித்தார்கள். 76 சதவீத மாதிரிகளில் பெரும்பகுதி அமாரஸ். மீதியில் அதே பேரினத்தின் வேறு ஐந்து இனங்கள். நம் கிராமத்துப் பெண்கள் கீழாநெல்லி, மேலாநெல்லி, செங்கீழாநெல்லி என்று மூன்றைப் பிரித்துப் பறிப்பவர்கள். மூட்டையில் கட்டிக் கமிஷன் கடைக்கு வரும் வழியில்தான் அந்தப் பிரிவினை கரைகிறது.

கடலுக்குள்ளும் இதே கதை. பாசியைத் தாவரம் என்று சொல்வதைத் தாவரவியலார் ஏற்கமாட்டார்கள் என்றாலும், மண்டபம், இராமேசுவரம் கரையில் அதுவும் ஒரு வெள்ளாமை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லி, கடலில் மூழ்கிப் பறிக்கும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். இவற்றோடு மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் ஒரு பாசிக்குப் 'பெப்சி பாசி' என்று பெயர். கப்பாஃபைகஸ் அல்வரேசி என்பது அறிவியல் பெயர். உலகச் சந்தையில் அதை இன்னொரு பாசியின் பெயரைக் கொண்டு 'காட்டனி' என்று வாங்கி விற்கிறார்கள். மண்டபத்தில் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம் அதை வளர்த்துப் பார்த்தது. 2000-ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் வணிகச் சாகுபடிக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அந்த நிறுவனம் விலகிவிட்டது. பெயர் விலகவில்லை. 2008-இல் குருசடைத் தீவுப் பவளத்திட்டுகளில் இந்தப் பாசி படர்ந்து மூடுவதைப் பற்றிய ஆய்வு வெளியானபோது, எப்போது, யாரால் இது இந்தக் கரைக்கு வந்தது என்ற கேள்விக்கு மீனவப் பெண்களின் நாவில் இருந்த அந்தப் பெயரே பாதி விடை வைத்திருந்தது. கப்பாஃபைகஸ் என்று மட்டும் எழுதும் அறிக்கையில் அந்த வரலாறு இருக்காது.

நாட்டுப் பெயரைச் செடியோடு சேர்த்து வைக்கும் பழக்கம் இங்கே புதிதன்று. 1690-களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரத்துச் செடிகளைப் பறித்து உலர்த்தி, தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். அவர் குறிப்புகளை ஜேம்ஸ் பெட்டிவர் அச்சிட்டார். லின்னேயஸ் பிறப்பதற்கு முந்திய அந்தக் கிளைகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்லோன் தொகுப்பில் இருக்கின்றன. முந்நூறு ஆண்டுக்கு முன் அந்தப் பெயரால் எந்தச் செடியைக் குறித்தார்கள் என்று இன்றைக்கும் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். கிளை இல்லாமல் பெயர்ப்பட்டியல் மட்டும் போயிருந்தால் அந்த வாய்ப்பு இருந்திருக்காது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பை வளர்த்த கே.எம். மாத்யூ, 1980-களில் தமிழகச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்து வெளியிட்டபோதும், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் எண்ணிட்ட கிளைகள் இருந்தன.

இன்று அந்த வேலையைச் செய்ய ஊராட்சிகளுக்குச் சட்டமே வழி தருகிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பதிவேட்டின் படிவத்தில் உள்ளூர்ப் பெயருக்கு ஒரு கட்டம், அறிவியல் பெயருக்கு ஒரு கட்டம். பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரியைக் கெடுவாக வைத்து, தவறும் மாநிலங்களுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் என்று விதித்த பிறகு நாடெங்கும் பதிவேடுகள் வேகவேகமாக நிரப்பப்பட்டன. உள்ளூர்ப் பெயரை எழுதிவிட்டு, அறிவியல் பெயரை ஏதாவது ஒரு பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டால் நிரப்பிவிடலாம்தான். கீழாநெல்லிக்கு நிருரி என்று எழுதும் பழந்தவறு அப்படித்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சிக்கல் போன்ற ஓர் ஊராட்சி அந்தப் பதிவேட்டை மறுபடி எழுதுவதாக இருந்தால், முதலில் உள்ளூர்ப் பெயரின் கட்டத்தை அகலமாக்கச் சொல்வேன். பெயரோடு, சொன்னவர் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர், கரிமூட்டம் போடுபவரா, ஆடு மேய்ப்பவரா, பாசி பறிப்பவரா, எந்த மாதத்தில் சொன்னார் என்பதும் வேண்டும். பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு இடையில் அழுத்தி உலர்த்தி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்கோ திருச்சித் தொகுப்புக்கோ அனுப்பி, அங்கே அவர்கள் தரும் எண்ணை வாங்கிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அறிவியல் பெயர் அந்த எண்ணோடு சேர்ந்து வரட்டும். பத்தாண்டு கழித்து வியன்னாவிலோ மெல்போர்னிலோ பெயரை மாற்றினால், அந்தக் கிளையை எடுத்துப் பார்த்துப் புதுப் பெயரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். மர ஏலத்துக்கும் வெட்டும் உத்தரவுக்கும் பதிவேட்டின் அந்த வரிசை எண்ணையே குறிப்பிடலாம்.

ஒரே செடிக்குக் கண்மாய்க்கரைக் குடியிருப்பில் ஒரு பெயரும் கடற்கரைக் குடியிருப்பில் வேறொரு பெயரும் வந்தால் இரண்டையும் எழுத வேண்டும். இரண்டு செடிகளுக்கு ஒரே பெயர் வந்தால், அவுரிக்கு வருவதுபோல, இரண்டு வரிசைகளிலும் அதே பெயரை எழுதிப் பக்கத்தில் இலையின் நுனியை விவரிக்க வேண்டும். எந்தப் பெயர் சரி என்று தீர்ப்புச் சொல்வது பதிவேடு எழுதுபவரின் வேலை இல்லை.